வார்டுக்கு இவ்வளவு

(குற்றாலத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "ஏதாவது பிரயோஜனமா பேசுப்பா, இருபது நிமிஷம்" என்றார். வெளிநாட்டு வேலை, நேர்முகத் தேர்வு என்று பேசுவதற்கு என்னைவிடத் தகுதியான அண்ணன்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தென்காசிக்காரன். 2009-ல் சிவில் முடித்து வெளியே போனவன். அன்றிலிருந்து பெரும்பாலும் பேரூராட்சி, நகராட்சிகளுக்குச் சாலை, வடிகால், குடிநீர் வேலைகளுக்கு மதிப்பீடு தயாரித்துக் கொடுக்கிற ஒரு ஆலோசனை நிறுவனத்தில்தான் என் பிழைப்பு. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுகிறேன். நம் ஊர் நிர்வாகத்தின் பணம் எங்கிருந்து வருகிறது, அது எப்போது வரும், எப்போது வராது, அதை யார் எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதுதான் அது. பட்ஜெட் என்றவுடனே சில பேர் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று ஜன்னல் பக்கம் பார்க்கிறீர்கள். (சிரிப்பு) அருவியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

காலையில் பேரருவிக்குப் போகிற வழியில் வண்டி நிறுத்தக் காசு கொடுத்திருப்பீர்கள். அந்த ரசீதை யாராவது படித்தீர்களா? குற்றாலம் ஒரு சிறப்பு நிலைப் பேரூராட்சி. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆனால் ஜூன் பிறந்து சாரல் ஆரம்பித்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைப்போல் எத்தனையோ மடங்கு ஜனம் வந்து குளித்து, சாப்பிட்டு, குப்பையைப் போட்டுவிட்டுப் போகிறது. அரசாங்கம் உள்ளாட்சிகளுக்கு மானியத்தைப் பிரிக்கும்போது முக்கியமாகப் பார்ப்பது மக்கள்தொகைக் கணக்கை. 2011 கணக்கெடுப்புக்காரர் வந்தபோது வீட்டில் இருந்தவர்தான் கணக்கில் உண்டு. நீங்களும் நானும் இன்றைக்குப் போட்ட சோப்புக் காகிதம் எந்தக் கணக்கிலும் கிடையாது.

ஆகவே குற்றாலம் தன் சீசன் செலவைச் சீசன் வருமானத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். வாகனக் கட்டணக் குத்தகை, கடை ஏலம் இப்படி. மழை ஏமாற்றினால் ஏலம் குறையும். மழை அதிகமானாலும் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், அப்போதும் குறையும். கொரோனாவில் 2020 சீசன், 2021 சீசன் இரண்டும் அடியோடு போயின. இந்த ஊரின் வரவு செலவைப் பாதி மேகம்தான் எழுதுகிறது.

மீதிப் பாதியை இலாகாக்கள் எழுதுகின்றன. மலை வனத்துறையுடையது. கோயிலும் அதன் இடங்களும் அறநிலையத்துறை. தண்ணீர் ஆற்றுக்குள் விழுந்துவிட்டால் நீர்வளத்துறை. பழைய குற்றாலம் இருப்பது குற்றாலம் பேரூராட்சியிலேயே இல்லை, ஆயிரப்பேரி ஊராட்சியில். 2024 மே 17 அன்று அங்கே திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிர் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு அந்த அருவி யார் கையில் இருக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. வனத்துறையிடம் கொடுக்கக் கூடாது என்று சுற்றுவட்டாரத்து மக்கள் எதிர்த்தார்கள். பேசியது பாதுகாப்பைப் பற்றித்தான். ஆனால் நுழைவுக் கட்டணம் யார் பெட்டியில் விழும் என்பதும் அதற்குள்ளே இருக்கிறது. ஒரு சிறிய ஊராட்சிக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

இப்போது தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம் பாடம். சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு நகராட்சிக்குப் பணம் மூன்று வழியில் வரும். முதலாவது, சொந்த வருமானம்: சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, கடை வாடகை. இரண்டாவது, மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் கொடுக்கிற பங்கு. தமிழ்நாட்டில் இது பத்து சதவீதம். மாநில நிதிக்குழு சிபாரிசு செய்து, ஊர்ப்புறத்துக்கு இவ்வளவு, நகர்ப்புறத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள். மூன்றாவது, மத்திய நிதிக்குழு மானியமும் திட்டப் பணமும். இது பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு வருகிற பணம். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நாடு முழுக்க உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ஒதுக்கியது. ஆனால் நம்மைப் போன்ற ஊர்களுக்கு வந்ததில் அறுபது சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம் இவற்றுக்குத்தான் செலவழிக்க வேண்டியிருந்தது. நல்ல எண்ணம்தான். ஆனாலும் தெருவிளக்கு எரியாத ஊருக்கு அந்த அறுபதில் ஒரு பல்புகூட வாங்க முடியவில்லை.

தொழில் வரி என்றேனே, இங்கே சம்பளம் வாங்குகிற எல்லோருக்கும் அது பிடித்தம் ஆகிறது. அதன் உச்சவரம்பு வருடத்துக்கு 2,500 ரூபாய். அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதியது 1988-ல். நான் பிறந்த வருடம். அன்றைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஒரு பெரிய தொகை. இன்றைக்கு நாம் நேற்று ராத்திரி பார்டர் பரோட்டாக் கடையில் ஒரே மேஜையில் செலவழித்த தொகை. (சிரிப்பு) அதை உயர்த்தப் பார்லிமென்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். சம்பளக்காரனுக்கு வரியைக் கூட்டும் திருத்தத்தை யார் கொண்டுவருவார்கள்?

பேருந்து நிலையங்களில், சந்திகளில் உயர்கோபுர மின்விளக்கு பார்த்திருப்பீர்கள். கீழே ஒரு பலகை, எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி என்று. எம்.பி.க்கு வருடத்துக்கு ஐந்து கோடி. அந்தப் பணத்தில் கம்பம் நடலாம். கரண்ட் பில் கட்டக் கூடாது. பராமரிப்பை ஏற்றுக்கொள்கிறோம் என்று உள்ளாட்சியிடம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். திறப்பு விழா ஒருவருக்கு, பில் இன்னொருவருக்கு. ஊராட்சிகளில் கரண்டுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டுவதற்கென்றே தனிக் கணக்கு, இரண்டாம் நம்பர் கணக்கு என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு வற்றினால் முதல் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். அப்புறம் சாக்கடை அள்ள ஆள் வைக்கக் காசு இருக்காது.

இனி சொத்து வரி. இதை என் அப்பாவை வைத்துச் சொல்கிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் கையில் வந்தாலும் கம்பியில் குத்தி வைக்கிறவர். எங்கள் வீடு தென்காசியில், தொள்ளாயிரம் சதுர அடி. நகராட்சிகளில் பொதுச் சீராய்வு 2008-ல் நடந்தது. அப்புறம் பத்து வருடம் ஒன்றும் இல்லை. அந்தப் பத்து வருடத்தில் சிமெண்ட் விலை, துப்புரவுத் தொழிலாளர் சம்பளம், டீசல் எல்லாம் எங்கே போயின என்று உங்களுக்கே தெரியும். 2018 ஜூலையில் அரசாங்கம் உயர்த்தியது. குடியிருக்கும் வீட்டுக்கு ஐம்பது சதவீதம், கடைக்கு நூறு சதவீதம் வரை. அப்பா முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். 2019 நவம்பர் 19 அன்று, நகர்ப்புறத் தேர்தல் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம், உயர்வை நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகக் கட்டியதைப் பின்னால் வரும் வரியில் ஈடு செய்துகொள்வார்கள் என்று அறிவிப்பு. அப்பாவுக்குச் சந்தோஷம். ஆனால் நகராட்சியின் பெட்டியை யோசித்துப் பாருங்கள். வாங்கிச் செலவழித்த பணத்தை வாங்காததாக நினைக்கச் சொன்னார்கள்.

தேர்தல் அப்போது வரவே இல்லை. கடைசியில் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. ஆட்சியும் அதற்குள் மாறியிருந்தது. ஆறு வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1-ம் தேதி புதிய உயர்வு. அறுநூறு சதுர அடி வரை 25 சதவீதம், ஆயிரத்து இருநூறு வரை 50, ஆயிரத்து எண்ணூறு வரை 75, அதற்கு மேல் 100. எங்கள் வீட்டுக்கு ஐம்பது. மத்திய நிதிக்குழுவின் நிபந்தனை என்று காரணம் சொன்னார்கள். அந்த நிபந்தனை உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது பிப்ரவரியிலும் இருந்ததே!

அப்பா 2018 ரசீதையும் 2022 நோட்டீஸையும் கம்பியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எலே, முன்ன நிறுத்துனவங்களும் ஓட்டுக்காக நிறுத்துனாங்க, இப்ப கூட்டுனவங்களும் ஓட்டு முடிஞ்சதும் கூட்டுதாங்க. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுனா நான் சத்தம் போடாம கட்டிருப்பேனே" என்றார். அவர் கணக்கு வாத்தியார் இல்லை, தமிழ் வாத்தியார்.

இன்னொரு கதை நம் மாவட்டத்துக்கே உரியது. எனக்கு எட்டு வயதில், 1996 அக்டோபரில், உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தெருவில் இருந்த பெரியவர்களுக்கெல்லாம் ஒரே பரபரப்பு. ஏனென்று இப்போதுதான் புரிகிறது. அதற்கு முன் நடந்தது 1986-ல். 1991-ல் காலம் முடிந்து ஐந்து வருடம் தனி அதிகாரிகள்தான். 1986-க்கு முந்தைய கதை இன்னும் மோசம், பதினைந்து வருடத்துக்கு மேல் தேர்தலே கிடையாது. பிறகு 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993-ல் அமலுக்கு வந்தன. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்றார்கள். 2001, 2006, 2011 என்று ஒழுங்காகவே போயிற்று. 2016 அக்டோபரில் நடக்க இருந்ததை, பழங்குடியினர் ஒதுக்கீடு சரியாக இல்லை என்ற வழக்கில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடியும் தனி அதிகாரிகள்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதால் மத்திய மானியத்தை டெல்லியில் நிறுத்திவைத்தார்கள். தமிழ்நாட்டு மந்திரிகள் மனுவோடு நடையாய் நடந்தார்கள். இதற்கு நடுவே 2019 நவம்பர் 22-ல் தென்காசி மாவட்டம் பிறந்தது. நாம் எல்லோரும் பட்டாசு வெடித்தோம், நானும் ஒரு சரம் வெடித்தேன். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 6-ல், உச்சநீதிமன்றம் சொன்னது: புதிதாகப் பிரித்த ஒன்பது மாவட்டங்களில் வார்டு வரையறை முடித்துத்தான் தேர்தல் நடத்த வேண்டும். மற்ற 27 மாவட்டங்களில் அந்த டிசம்பரிலேயே ஊராட்சித் தேர்தல் நடந்துவிட்டது. நம் கிராமங்களுக்கு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நடந்தது. தென்காசி நகராட்சிக்கும் குற்றாலத்துக்கும் 2022 பிப்ரவரி. பட்டாசுக்கு நாம் கொடுத்த விலையில் இதுவும் உண்டு.

அந்த ஆண்டுகளில் பட்ஜெட் எப்படிப் போட்டார்கள்? தனி அதிகாரியே தீர்மானம் கொண்டுவருவார், அவரே நிறைவேற்றுவார். ஒரு உண்மையையும் மறைக்கக் கூடாது. எங்களைப் போன்ற பொறியாளர்களுக்கு அந்தக் காலம் சௌகரியமாக இருந்தது. முழு வடிகாலுக்கு மதிப்பீடு கொடுத்தால் முழுதாக ஏற்றுக்கொள்ள ஒரே ஆளிடம் பேசினால் போதும். ஆனால் குழாயில் தண்ணீர் வராத பெண் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்? அதிகாரிக்கு நாலைந்து ஊர்ப் பொறுப்பு, மாற்றல் வந்தால் போய்விடுவார். 2025 ஜனவரியில் அந்த 27 மாவட்டத்து ஊராட்சிகளின் காலம் முடிந்தபோது இன்னொரு கட்சி ஆட்சியில் இருந்தது. அப்போதும் தேர்தலுக்குப் பதில் தனி அதிகாரிகள்தான் வந்தார்கள். இதில் கட்சி வித்தியாசம் பார்க்க எனக்குத் தெரியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் 2023 மார்ச்சில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலைத் திறைசேரியில் பணமில்லை என்று தள்ளி, 2025 மே 6-ல்தான் நடத்தினார்கள்.

வேறு மாதிரி நடக்கவே முடியாதா என்றால், ரொம்பத் தூரம் போக வேண்டாம். இங்கிருந்து செங்கோட்டை, புளியரை, மலை ஏறி இறங்கினால் ஆரியங்காவு. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்து ராஜ்ஜியம்தான். கேரளத்தில் 1995-லிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் தவறுவதில்லை. கொரோனாவுக்கு நடுவில், 2020 டிசம்பரிலும் நடத்தினார்கள். 1996 ஆகஸ்டில் அவர்கள் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். மாநில பட்ஜெட்டோடு நான்காம் இணைப்பு என்று ஒரு புத்தகம் சட்டசபையில் வைக்கிறார்கள். ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் எவ்வளவு என்று பெயர் போட்டு இருக்கும். ஆரியங்காவு பஞ்சாயத்துக்காரர் அந்த வருடம் தனக்கு வரவேண்டியதை அதில் பார்த்துக்கொள்ளலாம். அங்கேயும் மார்ச் மாதம் வந்தால் டிரஷரியில் பில் தேங்கும், புலம்பல் உண்டு. ஆனால் எவ்வளவு வரவில்லை என்பதாவது அவர்களுக்குத் தெரியும்.

சரி, மன்றம் வந்துவிட்டது, பணமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்ன நடக்கிறது? இதைச் சொல்லத்தான் வந்தேன்.

நகராட்சித் தலைவரை 1996, 2001, 2011-ல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். எது நல்லது என்று மேடைகளில் நிறையப் பேசுவார்கள். எனக்கு மதிப்பீட்டுத் தாளில்தான் வித்தியாசம் தெரிந்தது. கவுன்சிலர்கள் கையில் நாற்காலி இருக்கும்போது தலைவர் எந்தக் கவுன்சிலரையும் பகைக்க முடியாது. ஆகவே பணத்தை வார்டு எண்ணிக்கையால் வகுத்துவிடுவார்கள். வார்டுக்கு இவ்வளவு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

ஒரு பேரூராட்சி. தென்காசியும் இல்லை, குற்றாலமும் இல்லை, பெயர் வேண்டாம். பதினெட்டு வார்டு. ஊரின் மழைத்தண்ணீர் முழுக்க ஒரே பக்கமாகச் சரிந்து ஒரு குளத்துக்குப் போக வேண்டும். நான் மட்டம் பார்த்து 1,350 மீட்டருக்கு ஒரே வடிகாலாக மதிப்பீடு போட்டேன். ஏழு வார்டு வழியாகப் போகும். வேலையைக் குளத்துப் பக்கத்திலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும் என்று குறிப்பும் எழுதினேன். முதல் வருடப் படிப்பிலேயே சொல்லிக்கொடுத்த விஷயம், தண்ணீர் வெளியேற வழி வைத்துவிட்டுத்தான் மேலே வெட்ட வேண்டும்.

அங்கே செல்வாக்கான ஒரு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகத்தான் பேசினார். "தம்பி, நீங்க சொல்லுதது எனக்குப் புரியாம இல்ல. இத்தன காசையும் ஏழு வார்டுல போட்டா மத்த பதினோரு பேரு என் வாசல்ல வந்து நிப்பாவ. அடுத்த கூட்டத்துக்கு ஆளே வராது. ஆளுக்கு எழுபது எண்பது மீட்டர் வாய்க்கா போட்டுக் குடுத்துருங்க. ரெண்டு மூணு வருசத்துல சேத்துரலாம்." அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போனால் அந்த எழுபது மீட்டரும் வராது என்பது அவருக்குத் தெரியும்.

நான் என்ன செய்தேன்? எங்கள் அலுவலகத்திலும் முடித்துக் கொடு என்றார்கள். பதினெட்டுத் துண்டாகப் பிரித்து, பதினெட்டு மதிப்பீடு போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். கம்பி சரி, கான்கிரீட் சரி, அளவு சரி. தணிக்கையில் ஒரு கேள்வி வரவில்லை. மேட்டு வார்டுகளில் வேலை சீக்கிரம் முடிந்தது. குளத்துப் பக்கத்து இரண்டு வார்டில் இடம் யாருடையது என்ற தகராறில் நின்றுவிட்டது. ஐப்பசி மழை வந்தது. முன்பெல்லாம் மெதுவாக மண்ணில் ஊறிப் பரவி வந்த தண்ணீர், இப்போது புது வாய்க்காலில் வேகமாக வந்து, போக்கிடம் இல்லாமல், தாழ்ந்த தெருவில் பதினான்கு வீட்டுக்குள் ஏறியது. வாய்க்கால் இல்லாத காலத்தில் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததில்லை.

நான் போய்ப் பார்த்தேன். ஒரு அம்மா, வயது அறுபது இருக்கும், நெல் மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவைத்துவிட்டுத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, "நீங்கதான் இஞ்சினியரா, வாங்க தம்பி" என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எந்த மதிப்பீட்டை யார் துண்டு போடச் சொன்னாலும், முழு வரைபடத்தையும் முதல் பக்கத்தில் வைத்து, போக்கிடம் முடியாமல் மேல்பகுதி வேலை தொடங்கினால் இன்ன தெருவில் தண்ணீர் ஏறும் என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன். இதனால் எங்கள் நிறுவனத்துக்கு இரண்டு வேலைகள் கை நழுவிப் போயின. ஒரு ஊரில் மட்டும் அந்தப் பக்கத்தை மன்றக் கூட்டத்தில் ஒரு பெண் கவுன்சிலர் சத்தமாக வாசித்து, வேலையைக் கீழேயிருந்து தொடங்க வைத்தார்கள். அவர்கள் வார்டு மேட்டில்தான் இருந்தது.

நம் மாணவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் பேரூராட்சி, நகராட்சி அலுவலகத்தில் போய் இந்த வருடத்து வரவு செலவுத் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுத நான் சொல்லித் தருகிறேன், பத்து ரூபாய்தான் கட்டணம். நகராட்சியாக இருந்தால் வருவாய் நிதி, குடிநீர் நிதி, கல்வி நிதி என்று மூன்று கணக்கு இருக்கும். சொத்து வரி நிலுவை எவ்வளவு என்ற வரியை முதலில் பாருங்கள். பிறகு வார்டு வாரியாக வேலைப் பட்டியலை எடுத்து, ஊர் வரைபடத்தில் பென்சிலால் குறித்துப் பாருங்கள். மட்டம் எந்தப் பக்கம் சரிகிறது என்று உங்களுக்குப் பார்க்கத் தெரியும்.

மணி அடித்துவிட்டார்கள். அந்தப் பேரூராட்சியில் குளத்துப் பக்கத்து வேலை இன்னும் பாக்கி. அந்த அம்மாவின் மகன் என் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் மழைக்குப் போன் பண்ணுவார், "சார், வாசப்படி வரைக்கும் வந்துட்டு" என்று. போன வருடமும் பண்ணினார்.